கார் மாதிரி ஒரு பேனா

வேலூரிலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நர்ஸ் உடுப்பில் இருந்தாள். தங்கை சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"என் பேரை எழுதினா அவரு கையெழுத்துல வருதுக்கா."

"யாரு கையெழுத்துல?"

"செத்துப்போன என் வீட்டுக்காரரு கையெழுத்துலதான்."

பையிலிருந்து ஒரு மைப்பேனாவை எடுத்தாள். அந்தக் காலத்துக் காரைப் பார்த்துச் செய்தது. கறுப்பு உடம்பு பளபளத்தது. கிளிப்பில் காரின் முன்பக்கத்துக் கம்பிகள்கூட இருந்தன.

"அவரு வேலை பாத்த ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்த இத்தாலிக்காரர் அவருக்குக் குடுத்தது. லாரி அடிச்ச அன்னிக்கு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல."

அக்கா அதை வாங்கி, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் தன் பெயரை எழுதினாள்.

"எனக்கு என் எழுத்துதான் வருது. இப்ப நீ எழுது."

தங்கை எழுதினாள். பாலாற்றுப் பாலம் முழுக்கக் கடந்து முடியும்வரை அக்கா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டர்ல உன் பேரை இப்படித்தான் சுழிச்சு எழுதுவாரு," என்றாள். "திங்கக்கிழமை சர்ச்சுல கல்யாண ரிஜிஸ்டர்ல நீ கையெழுத்து போடணும்டி. புது மாப்ள பக்கத்துல நிப்பாரு. இதை எங்கிட்ட குடுத்துடு. அங்க வேற பேனாவுல போடு."

தங்கை பேனாவை மூடி அக்கா கையில் வைத்தாள்.

"நேத்து பால்பாயிண்ட்ல எழுதிப் பாத்தேன்க்கா. அதுலயும் அவரு எழுத்துதான் வந்துச்சு."