ஒன்பதாவது கட்டம்

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும். சிலருக்குக் குறுக்கெழுத்து மாதிரி எனக்கு இது. பெயருக்கான இடத்தில் பெயர், முன்னெழுத்துக்கான இடத்தில் முன்னெழுத்து என்று எழுதி, கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூடப் போகாமல் முடித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும். அதனால் நீங்கள் நாலு வெள்ளைத்தாளை நீட்டி, "உங்க கைப்பட எழுதிக் குடுங்க சார்" என்றபோது, சந்திரிகா மேடம், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வாக்குமூலத்துக்கு என்று ஒரு படிவம் வைத்திருப்பீர்கள் என நினைத்தேன். பரவாயில்லை, வரிசையாக எழுதுகிறேன்.

பெயர் லோகநாதன். வயது அறுபத்திரண்டு. இரும்புலியூர் பூர்வீகம். எங்கள் குடும்பத்தில் முன்பு நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள் நிற்கின்றன. பதினான்கு வருடமாக நலச்சங்கத்தின் செயலாளர். அந்தப் பதினான்கு வருடமும் சமூகச் சேவை விருதுக்கு ஆட்களை முன்மொழிந்து வருகிறேன். இந்த விருதை ஓர் அறக்கட்டளை கொடுக்கிறது. இளையோர் பிரிவில் ஒருவர், பெரியோர் பிரிவில் ஒருவர். இளையோர் என்றால் டிசம்பர் முப்பத்தொன்றில் இருபத்தாறு நிறைந்திருக்கக் கூடாது. பெரியோருக்கு வரம்பில்லை. நான் முன்மொழிந்தவர்கள் இருபத்தாறு பேர். போன வருடம்வரை விருது வாங்கியவர்கள் ஒருவரும் இல்லை.

படிவத்தில் பதினொரு கட்டங்கள். எட்டுவரை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். ஒன்பதாவதுதான் என் கழுத்தை அறுக்கும். 'பரிந்துரைக்கப்படுபவரின் சேவைக்குச் சான்றாக, ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை விவரிக்கவும். புகைப்படம் இணைக்கவும்.' எங்கள் ஆட்களிடம் சம்பவம் கிடையாது. அவர்கள் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள், டெங்கு வந்தால் வீடு வீடாகத் தொட்டி கழுவுவார்கள். வருடம் முழுக்க உழைப்பார்கள். அதை முந்நூறு சொல்லில் எழுதினால் வாசிப்பவருக்குக் கொட்டாவி வரும்.

பள்ளிக்கரணை சங்கத்துச் செயலாளர் வெற்றிவேல் நான்கு தடவை ஜெயித்தவன். ஒரு தடவை அவனுடைய சங்கத்துப் பையன் ஒருத்தன் சதுப்புச் சேற்றில் சிக்கிய பசுமாட்டை இழுத்துப் போட்டான். இன்னொரு தடவை தொட்டிக்குள் விழுந்த குழந்தையை ஒரு பெண் எடுத்தாள். போன வருட விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அவன் என் தோளில் கை போட்டான். "லோகு அண்ணா, உங்க ஆளுங்க எல்லாம் தங்கம். நான் இல்லேங்கல. ஆனா ஒரு சம்பவம் வேணும் இல்ல? படிக்கிறவனுக்கு அழுகை வரணும் அண்ணா." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு ஜாமூன் வைத்தான். நான் அதைச் சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவன் சொன்னது சரி என்றுதான் தோன்றியது.

இப்போது சுஜியைப் பற்றி. தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். நீச்சல் தெரிந்தவள். பத்தொன்பது வயதிலிருந்து எங்களுடன் இருக்கிறாள். மழைக்காலத்தில் அவள் ஒருத்தி நாலு ஆளுக்குச் சமம். மூன்று முறை அவளை முன்மொழிந்து மூன்று முறையும் ஒன்பதாவது கட்டத்தில் தோற்றேன். போன வருடம் இளையோர் பிரிவில் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஜனவரியில் இருபத்தாறு முடிந்துவிடும். அவளுக்கு இதைப்பற்றிக் கவலையே இல்லை, "விடுங்க சார், சர்ட்டிபிகேட்டை வச்சு நான் என்ன செய்யப்போறேன்" என்பாள். தனக்கு எது நல்லது என்று அந்த வயதில் தெரியாது.

அடுத்து ஜீவானந்தம். நீங்கள் அவரைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். சர்க்கரையில் வலது கால் போனது, மனைவியும் போனார், தனியாள். மூன்றாவது குறுக்குத் தெருவில், ஏரித்தண்ணீர் முதலில் வருகிற பள்ளத்தில், தரைத்தள வீடு. கால் போனபிறகும் சங்க வேலையை விடவில்லை. மழை பிடித்தால் கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கூப்பிடுவார். "இன்னாம்மா, கெளம்பிட்டியா? மாடிக்குப் போய்டு. புள்ளைய எங்க வுட்ட?" ஊரே வெளியேறியபிறகு கடைசியாக அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சுஜி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு போவோம். "பல்லக்கு வர்து, வழி வுடு" என்று வழியெல்லாம் கத்துவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிவப்புத் துணி அவருடைய யோசனை. முன்பு ஒரு வெள்ளத்தில், காலி வீடுகளின் கதவைத் தட்டித் தட்டியே படகு நேரத்தை வீணாக்கிவிட்டது. நிறைமாதக்காரி ஒருத்தி இரண்டு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப்பிறகு, வீட்டைக் காலி செய்ததும் கேட்டில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று ஜீவா ஏற்பாடு செய்தார். துணி இருந்தால் படகு நிற்காது. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். துணி கட்டிய வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதே, அந்த ஒரு நிமிடம் இன்னொருத்தருடைய உயிர் என்பேன். சுஜிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகப் பதிந்துவிட்டது.

போன நவம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏரி வழிய ஆரம்பித்தது. நான் ஜீவா வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். அப்போதே அவரைத் தூக்கியிருக்கலாம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். "செயலாளரே, இன்னா யோசனை? தண்ணி வாசப்படிகிட்ட வந்துகினு கீது" என்றார். வண்டி வரும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வெளியே வந்து அவர் கேட்டில் சிவப்புத் துணியைக் கட்டினேன். சுஜிக்குப் போன் செய்து, ஜீவா ஆட்டோவில் கிளம்பிவிட்டார் என்றேன். "அப்பாடா, ஒரு வேலை முடிஞ்சுது சார்" என்றாள்.

ஏற்பாடு எளிமையானது. துணியைப் பார்த்துப் படகு போய்விடும். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் நான் சுஜியைக் கூப்பிட்டு, ஜீவா உள்ளேயே இருக்கிறாராம், ஓடி வா என்பேன். அவள் நீந்தி வந்து அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவாள். எதிரே என்னுடைய புது வீடு பாதி கட்டி நிற்கிறது. அதன் மொட்டைமாடியிலிருந்து நான் படம் எடுப்பேன். ஜீவாவுக்கு ஒரு மணி நேரம் கால் நனையும், அவ்வளவுதான். அவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் கேட்டால் அது நாடகம் ஆகிவிடும். எனக்கு நாடகம் வேண்டாம், சம்பவம் வேண்டும்.

மூன்று மணிக்குச் செல்போன் டவர் போனது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மொட்டைமாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். மூன்றரைக்கு ஜீவா ஊன்றுகோலால் ஜன்னல் கம்பியில் தட்ட ஆரம்பித்தார். கத்தவும் செய்தார். தெரு இருபதடி அகலம், நன்றாகக் கேட்டது. என்னிடம் கயிறு இருந்தது, காற்றடித்த லாரி டியூப் இருந்தது. நான் இறங்கிப் போயிருக்கலாம் என்கிறீர்கள். போயிருக்கலாம். எனக்கும் நீச்சல் தெரியும். ஆனால் முன்மொழிபவர் தன்னையே முன்மொழிய முடியாது, விதிமுறையில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் படகு வந்தது. முன்னால் சுஜி, பின்னால் இரண்டு தீயணைப்பு வீரர்கள். அவள் கண்ணுக்கு மேல் கை வைத்து ஒவ்வொரு கேட்டாகப் பார்த்தாள். ஜீவா வீட்டுக் கேட்டையும் பார்த்தாள். மழை இரைச்சலில் அந்தத் தூரத்துக்குத் தட்டுகிற சத்தம் போயிருக்காது. நான் மேலேயிருந்து கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். படகு வந்தால் அந்த இரண்டு வீரர்கள்தான் அவரைத் தூக்குவார்கள். அது அவர்களுடைய வேலை. வேலை செய்ததற்கு யாரும் விருது கொடுப்பதில்லை. அவர்களை இறக்கிவிட்டு அவள் மட்டும் இன்னொரு சுற்று வருவாள் என்று கணக்குப் போட்டேன். துணியைப் பார்த்தாள், கையைக் காட்டினாள், படகு திரும்பியது. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் செய்தாள்.

அவள் திரும்பி வரவில்லை. அடுத்த தெருவில் நிஜமாகவே ஆட்கள் இருந்தார்கள்.

அதற்குப்பிறகு ஜீவா என்னைப் பார்த்துவிட்டார். கட்டில்மேல் நாற்காலியைப் போட்டு ஏறியிருக்க வேண்டும், ஜன்னலின் மேல்பக்கத்தில் முகம் தெரிந்தது. கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினார். நானும் கையைத் தூக்கினேன். அவருடைய முகத்தில் வந்த நிம்மதியை என்னால் எழுத முடியவில்லை, மேடம். நான் ஆள் கூப்பிட்டுவிட்டேன் என்று நினைத்தார். அதன்பிறகு அவர் கத்தவே இல்லை, தட்டவும் இல்லை. கையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வந்த வேலையை மறக்கக் கூடாது என்று கேட்டையும் தண்ணீரையும் ஒரு படம் எடுத்தேன். அரைமணி நேரம் இருவரும் அப்படியே இருந்தோம். கடைசி நேரத்தில் அவர் பயப்படாமல் இருந்தார் என்றால் அதற்கு நான் அங்கே நின்றதுதான் காரணம். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தபோது ஜீவா வீட்டுக் கதவைத் திறந்தவள் சுஜிதான். கேட்டருகே உட்கார்ந்து, "நான் பாத்தேன் சார், பாத்துட்டுத் திரும்பிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். துணியைப் பார்த்துத் திரும்பியது உன் தப்பில்லை என்று நான்தான் தேற்றினேன். ஜீவா கிளம்பிவிட்டதாக என்னிடம் பொய் சொல்லிவிட்டார் பார், என்றேன். சொல்லி முடித்தபோதுதான், ஒன்பதாவது கட்டத்துக்கு இதுவே போதும் என்று எனக்கே புரிந்தது.

அன்று மாலை படிவத்தை எடுத்தேன். பெரியோர் பிரிவு. ஒற்றைக் காலுடன் ஒரு மனிதர், மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, தனக்காகப் படகு ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது என்று தன் கையாலேயே தன் கேட்டில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்கிறார். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே. புகைப்படத்தையும் இணைத்தேன். கேட்டும் துணியும் தெளிவாக விழுந்திருந்தன. மீதியை நான் கவனிக்கவில்லை. என் போனின் திரை சிறியது.

பிப்ரவரியில் விழா. பதினான்கு வருடத்தில் முதல் முறை. ஜீவாவுக்காக மேடை ஏறிக் கேடயத்தை வாங்கினேன். அரங்கமே எழுந்து நின்றது. வெற்றிவேல் கண்ணைத் துடைத்தபடி கை தட்டினான். அப்போது எனக்குப் பின்னால் பன்னிரண்டு அடித் திரையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். முதல் வரிசையில் சுஜியை நான்தான் கட்டாயப்படுத்தி உட்காரவைத்திருந்தேன். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் படத்தின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை. அதற்குக் கீழே, என் போன் தானாகவே பதிக்கிற நேரம், மாலை 4.12.

அவள் எழுந்து மேடையருகே வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஒலிபெருக்கி என் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், ஜீவா அண்ணன் யாரைப் பாத்துக் கை நீட்டுறாரு?"

மறுநாள் அவள் உங்களிடம் வந்தாள். நீங்கள் கேட்டவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. துணியைக் கட்டியது நான். சத்தம் கேட்டது. கயிறு இருந்தது. படகைக் கூப்பிடவில்லை. ஜீவானந்தம் என் கண்ணெதிரே, என்னை நம்பிக்கொண்டே இறந்தார். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். ஆனால் நான் செய்த எதுவும் எனக்காகச் செய்தது அல்ல.

சுஜி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏழு வருடம் பழகியவன் என்று பார்க்காமல், ஒரு நிறைந்த அரங்கத்தில், தனியாக எழுந்து நின்று ஒரு பெண் உண்மையைக் கேட்டிருக்கிறாள். புகைப்படமும் இருக்கிறது. இளையோர் பிரிவுக்கு அவளுக்கு வயது தாண்டிவிட்டது, பெரியோர் பிரிவில் வரம்பில்லை. இத்துடன் அவளுடைய படிவத்தை இணைத்திருக்கிறேன். ஒன்பதாவது கட்டம் இந்தத் தடவை எனக்குச் சிரமமாகவே இல்லை. என் பெயர் இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்பதால், முன்மொழிபவர் என்ற இடத்தை மட்டும் உங்கள் கையெழுத்துக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.