மாமி வைத்த பூ

கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் ஜப்பானிய மொழிப் பரீட்சையின் முடிவைத் தன் ஃபோனில் காட்டிக்கொண்டிருந்தார். இளையவர் இன்னும் எழுதவில்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

“மாமியாலதான் பாஸ் பண்ணினனான்” என்றார் மூத்தவர். அதன்பிறகு நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

“மாமிக்கு ஜப்பானீஸ் தெரியுமோ அக்கா?”

“தெரியாது. அதுதானே வசதி. ரெண்டு தரம் கிரமர் புத்தகத்தை முழுக்கப் பாடமாக்கிப்போட்டு ஃபெயில் விட்டனான். சோதனை ஹோலுக்குள்ள போனா ஒண்டும் ஞாபகம் வராது. இந்தமுறை ஒரு நாளைக்கு ஒரு கிரமர் எடுத்து, மாமியைப் பற்றி ஒரு கொப்பியில ஜப்பானீஸில அஞ்சு வசனம் எழுதினனான். கறிக்கு உப்புக் காணாது எண்டது, நான் இல்லாத நேரம் என்ர அலுமாரியைத் திறந்தது, எல்லாம். கோவத்தில எழுதினது மறக்காது.”

“கொப்பியை அவ காணேல்லையோ?”

“கண்டவ. சரஸ்வதி பூசைக்கு எல்லாப் புத்தகத்துக்கும் மேல அதைத்தான் வைச்சு, பூவும் வைச்சவ. வந்த ஆக்களுக்கெல்லாம் மருமகளின்ர எழுத்தைப் பாருங்கோ எண்டு விரிச்சுக் காட்டினவ.”

இளையவர் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“ரிசல்ட் வந்தோடன என்ன சொன்னவ?”

“எல்லாம் தான் கோயிலுக்கு வைச்ச நேத்தியாலதானாம். ஓம் மாமி, உங்களாலதான் எண்டனான்.”

வெள்ளவத்தைச் சந்தை வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

“அடுத்த லெவலுக்கு என்னத்தை எழுதப் போறீங்கள்?”

“கனடாவில இருந்து மச்சாள் வந்து நிக்கிறா. ரெண்டு மாசம்.”