ஒரு வெள்ளாமைக்கு ஒரு ஊசி

“கண்ணைப் பத்திப் படிச்சு என்ன பண்ணுவ? கண்ணாடிக் கடையில உக்காருவ” என்றார் சித்தப்பா, நான் கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்த அன்று. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது கடைசி ஆண்டு.

நேற்று மொரப்பூரில் ரயில் ஏறினேன். எதிரே ஓர் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பழம்னு நெனச்சு ஒரு பெட்டி தக்காளிக்காயப் பறிச்சுட்டேன் பாப்பா.”

“கண்ணுக்குள்ள ஊசி போட்டாங்களே, என்னாச்சுங்கண்ணா?”

“ரெண்டு ஊசியிலயே தெளிவாயிடுச்சு. நிறுத்திட்டேன். இப்ப மறுபடி மங்குது.”

“நிறுத்தினா சர்க்கரை கண்ணை வுட்டுடுமா? அப்பாவுக்கு லேசர் வெச்சப்ப, இருக்கற பார்வை நின்னாப் போதும்னாங்க. இப்ப ஊசியில எனக்கு மங்கினதே தெளிஞ்சிருக்கு.”

“மாசாமாசம் தோட்டத்த வுட்டுட்டு யாரு ஓடறது?”

“புது மருந்து வந்திருக்குதுங்க. மொதல்ல கொஞ்ச நாளைக்கு மாசாமாசம். அப்புறம் ஸ்கேன் பாத்து, நல்லாயிருந்தா தள்ளித் தள்ளிக் குடுக்கறாங்க. எனக்கு இன்னிக்குச் சேலத்துல போட்டா, அடுத்தது நாலு மாசம் கழிச்சுத்தான்.”

அண்ணன் விரல்விட்டு எண்ணினார். “அப்ப ஒரு வெள்ளாமைக்கு ஒரு ஊசி.”

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நான் ஒரு வாரம் படித்த பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பொம்மிடி வந்தது. அண்ணன் இறங்கப் பையை எடுத்தார்.

“உக்காருங்கண்ணா. உங்களுக்கும் சேலத்துக்கே டிக்கெட் எடுத்துட்டேன்.”

“என்னைக் கேக்காமயா?”

“கேட்டா வருவீங்களா?”

ரயில் கிளம்பியது. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

சேலத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் போனதும், இந்த ஊசி போடும் விழித்திரைப் பிரிவில் பயிற்சி பெற என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.