வயலட்டின் கால்விரல்

நம்ம ஜெபத்தை யாரும் கேட்கலையோன்னு தோணுதா சகோதரிமாரே? அப்ப ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன்.

வயலட்னு ஒருத்தி. வாதம் வந்து கைகால் விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு. மிஞ்சினது வலது கால் கட்டைவிரல். அது அசையிறதும் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு அடியில ஒரு பொத்தான். அழுத்தினா கம்ப்யூட்டர்ல எழுத்து விழும், அவளுக்காக அது பேசும்.

ஒருநாள் காலையில... பேசலை.

புருஷன் ஞானதுரை குனிஞ்சு, "அழுத்து வயலட்... அழுத்தும்மா" ங்கிறார். ஒண்ணுமில்ல. விரலும் போயிட்டுன்னு அந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டார். 'அழுத்துறேனே!'ன்னு அவ எதை வச்சுச் சொல்லுவா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சுதன் வந்தான். "அண்ணாச்சி, இந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகி எழும்பும்போது வாயைத் திறக்காம வேலை பார்க்கும். எழுப்புறப்போ ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டா, செய்யிறதையெல்லாம் சொல்லிக்கிட்டே செய்யும்."

போட்டான். ஐயோ... திரை முழுக்க வரி! கீபோர்டு வந்து 'நான் வந்துட்டேன்'ங்குது, அதுக்கு ஒரு பேரு. ஸ்பீக்கர் வருது, அதுக்கு ஒரு பேரு. நாம சும்மா கறுப்புத் திரைன்னு பார்த்துக்கிட்டு இருந்தோமே... அதுக்குள்ள இவ்வளவா!

"இந்தா, பொத்தானும் வந்திருக்கு அண்ணாச்சி! பிள்ளைக கேம் ஆடுற ஜாய்ஸ்டிக்கைப் புதுசா மாட்டியிருக்காங்க. அது முந்திக்கிட்டு 'ஒண்ணு'ங்கிற பேரை வாங்கிட்டு. இதுவரைக்கும் 'ஒண்ணா' இருந்த பொத்தானுக்கு இப்ப 'ரெண்டு'தான் கிடைச்சிருக்கு. பேசுற புரோகிராம் பழைய ஞாபகத்துல 'ஒண்ணு' வாசல்லயே காத்துக் கெடக்கு."

சொல்லும்போதே திரையில கீழ ஒரு வரி விழுது. இன்னொரு வரி...

"இது என்னல?"

"அக்கா அழுத்துறாங்க அண்ணாச்சி. அழுத்திக்கிட்டேதான் இருக்காங்க."

ஞானதுரை அவ பாதத்துல முகத்தை வச்சு அழுதுட்டார். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி எழுப்பினாங்க. முதல் பேச்சு என்ன தெரியுமா?

"காப்பிக்குச் சீனி போடலை."

சிரிங்க, நல்லாச் சிரிங்க... ஆனா யோசிங்க. பதில் வரலைன்னா ஆண்டவர் கேட்கலைன்னு நாமளா முடிவு கட்டிடுறோம். அடுப்படியில சத்தமில்லாம அழுதோமே, அது எங்க போச்சு? எங்கேயும் போகலை அம்மா! ஒவ்வொண்ணும் அவர் முன்னால வரிவரியா விழுந்திருக்கு. அந்தத் திரையை அவர் நம்ம பக்கம் திருப்பலை... அவ்வளவுதான். இன்னைக்கு ராத்திரியும் முழங்கால் போடுங்க.