பஸ் ஓடாத தெருவில் ஒரு கல்

என் நாட்குறிப்பு, கொப்பி 4. "1991 மார்ச் 29. பெரிய வெள்ளி. பிற்பகல் 2.20. கண்ணாடி உடைகிறது. ஒரு சத்தம். இரண்டாவது இல்லை."

ஓடுகிறேன். என்னோடு நாற்பது பேர் ஓடுகிறார்கள். லண்டன், செவன் கிங்ஸ். பட்டப்பகல். சிலர் வெள்ளை அங்கியில். சிலர் தகரத் தொப்பியில். சிலுவை சுமந்தவர் அதை நடைபாதையில் போட்டுவிட்டார். மரம் சீமெந்தில் விழுந்த சத்தம். பிறகு செருப்புகள். யாரோ கத்துகிறார்கள்.

"பொலிஸ் வரப்போகுது. நிக்காதேங்கோ. ஓடுங்கோ."

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராதவர்கள் முதலில் ஓடினார்கள். எனக்குப் பதில் வந்து மூன்று வருடம். ஆனாலும் ஓடினேன். தெரு முனையில் கால்கள் நின்றன. திரும்பிப் பார்த்தேன். உடைந்திருந்தது நான் குடியிருந்த வீட்டின் முன் யன்னல்.

இதற்கு முன் ஒருமுறை இப்படி ஓடியிருக்கிறேன். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பு. இரண்டு நாட்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தப் பதின்மூன்று பேருக்கும் நாங்கள் பதில் சொல்லவேண்டியிருந்தது. அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். நான் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளர்.

முதலில் விசில் சத்தம். தூரத்தில். பிறகு இரும்பைத் தார் ரோட்டில் இழுக்கிற சத்தம். பிறகு கண்ணாடி. பக்கத்து வீடுகளில். பதினொன்று வரை எண்ணினேன். பின்மதிலுக்கு மேலால் ஒரு சிங்களப் பெண் கை நீட்டுகிறார். அவரும் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்தான். "ஏறு, ஏறு" என்கிறார் தன் மொழியில்.

"நீ ஏறு பிள்ளை," என்றார் அப்பா. "நான் கதைச்சுப்போட்டு வாறன்."

மதிலுக்கு அப்பால், கோழிக்கூட்டின் பின்னால் குந்தியிருக்கிறேன். அப்பாவின் குரல் கேட்கிறது. நல்ல சிங்களம். தான் கடைசியாக யாழ்ப்பாணம் போயே நான்கு வருடம் என்கிறார். அதைச் செய்தவர்களைத் தனக்குத் தெரியாது என்கிறார். தபால் கந்தோரில் வரிசையில் நிற்பவர்களோடு பேசுகிற அதே நிதானம். ஒருவன் கேட்கிறான், நீ தமிழன்தானே என்று. ஆம் என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை.

1986இல் லண்டன் வந்தேன். நிலையான இடம் ஹில்டாவின் வீட்டில்தான் கிடைத்தது. மேல்மாடியில் ஓர் அறை. ஹில்டா யூதப் பெண். வியன்னாவில் பிறந்தவர். 1939இல், ஒன்பது வயதில், பிள்ளைகளை மட்டும் ஏற்றிய ரயிலில் இங்கே வந்தவர். பெற்றோர் வரவில்லை. அறையைக் காட்டிய அன்று அலுமாரியையோ குளியலறையையோ அவர் முதலில் காட்டவில்லை. கீழே கூட்டிப்போனார். முன்கதவைக் காட்டினார். பின்தோட்டத்துப் படலையைக் காட்டினார். "இதாலையும் வெளியிலை போகலாம். இது ஒருநாளும் பூட்டுறதில்லை." அந்தப் படலைக்காகவே அறையை எடுத்தேன். ஐந்து வருடம் அங்கே பயமில்லாமல் தூங்கினேன். வேறெங்கும் அப்படித் தூங்கியதில்லை.

1991இல் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கு போடுவதென்று முடிவு செய்தார்கள். ஊரில் கோயில் வளவில் போடும் நாடகம். இயேசு பிடிபடுவதும், தீர்ப்பும், சிலுவையும். இங்கே அதைத் தெருவழியாக நடந்துகொண்டே காட்டுவது என்று அந்தோனி அண்ணை சொன்னார். அவர்தான் அண்ணாவியார், நாடகத்தைப் பழக்குபவர். பகலில் ரயில் நிலையத்தில் வேலை. பிரதி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. திகதி, பெயர், வரி எதையும் தவறவிடமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒத்திகையில் எல்லோருக்கும் உரோமைச் சேவகராக விருப்பம். தொப்பியும் ஈட்டியும் அவர்களுக்குத்தான். கூட்டமாக நிற்க ஆளில்லை.

"யூதர் காணாது," என்றார் அந்தோனி அண்ணை. "இன்னும் பத்துப் பேர் வேணும்."

"எனக்கு ஷிப்ட் பன்ரெண்டுக்கு முடியுது அண்ணை. என்னையும் யூதனாப் போடுங்கோ," என்றான் ஒருவன்.

"உன்ர முகத்துக்கு யூதாசாவே போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வரி இருந்தது. இயேசுவின் இரத்தப்பழியைத் தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் கூட்டம் ஏற்றுக்கொள்ளும் வரி. அந்த வரி எத்தனை நூற்றாண்டாக எத்தனை தெருக்களில் யூதரை என்ன செய்தது என்று நான் படித்திருக்கிறேன். அன்றைய யூதர் எல்லோர் மீதும், இன்றைய யூதர் மீதும் அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று 1965இல் திருச்சபையின் சங்கமே சொல்லிவிட்டது. அதையும் படித்திருக்கிறேன். விடலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த இடத்திலைதான் பிள்ளை சனம் அழும்," என்றார் அந்தோனி அண்ணை. "வெள்ளையளும் பாக்க வருவினம். அவைக்கும் விளங்கவேணும். அந்த வரியை இங்கிலீசிலை போடு."

போட்டேன். மரியாதைக்காகச் செய்தோம். வேற்று மொழிக்காரர் விளங்காமல் நிற்கக் கூடாது என்று. ஊர்வலத்துக்கு ஹில்டாவின் தெருவைச் சொன்னதும் நான்தான். பஸ் ஓடாத தெரு. சிலுவையோடு ஆறுதலாக நடக்கலாம். ஊர்வலத்தைப் பற்றி ஹில்டாவிடம் சொல்லவில்லை. அவர் பின்னால் குசினியில் இருப்பார் என்று நினைத்தேன். அன்று மாலை சூரியன் மறைய யூதரின் பாஸ்காப் பண்டிகை தொடங்குகிறது. அந்த ஆண்டு இரண்டும் ஒரே நாள். கலண்டர் பார்த்து நானே அதை மட்டும் ஹில்டாவிடம் சொல்லியிருந்தேன். அப்படியானால் கோயில் முடிந்து வந்து என்னோடு சாப்பிடு என்றார்.

2.15. தெருவுக்குள் திரும்புகிறோம். பறை. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி. எதிர்ப்பக்க நடைபாதையில் மூன்று வெள்ளை இளைஞர்கள். கையில் பியர்ப் போத்தல்கள். சிரிக்கிறார்கள். கூட்டம் குரலெடுக்கிறது. இங்கிலீசில். நாற்பது தொண்டைகள். அதில் ஒன்று என்னுடையது. ஹில்டாவின் வீட்டு முன் யன்னலில் திரைச்சீலை அசைகிறது. அவர் முகம் தெரிகிறது. மறைகிறது. 2.20. கண்ணாடி.

2.40க்குத் திரும்பிப் போனேன். முன்கதவு பூட்டு. என் சாவி திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். பின்பக்கம் போனேன். படலையும் பூட்டு. ஐந்து வருடத்தில் முதல் தடவை. மதில் ஏறிக் குதித்தேன்.

குசினியில் ஹில்டா கதிரையில் இருந்தார். குளிர்கோட் போட்டிருந்தார். தொப்பி. கைப்பை மடியில். கைப்பைக்கு மேல் பாஸ்போர்ட். பின்கதவுக் கண்ணாடியூடாக என்னைப் பார்த்தார். திறக்கவில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார்.

"அவர்கள் போய்விட்டார்கள்," என்றேன்.

அவர்கள். அப்படித்தான் சொன்னேன்.

"சின்னதிலை இந்த நாளிலை அம்மா யன்னல் எல்லாம் சாத்திப்போடுவா. கோயில் முடிஞ்சு வாறவங்கள் கல்லெறிவாங்கள். இஞ்ச சாத்தத் தேவையில்லை எண்டு நினைச்சன்." பிறகு கேட்டார். "நீயும் கத்தினியா?"

ஓம் என்றேன்.

கதவைத் திறந்தார். எனக்கு அல்ல. முன்வாசலில் பொலிஸ் தட்டுகிற சத்தம். அதற்காக எழும்பியவர், போகிற வழியில் நான் நின்ற பின்கதவின் தாழ்ப்பாளையும் நீக்கிவிட்டுப் போனார்.

முன்னறையில் பாஸ்கா விருந்துக்கு மேசை விரித்திருந்தது. வெள்ளைத் துணி. புளிக்காத அப்பம். அவித்த முட்டை. உப்புநீர்க் கிண்ணம் இரண்டாக உடைந்து கிடந்தது. துணி நனைந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் கண்ணாடித் தூள். இரண்டு தட்டுகள். கல் எனக்கு வைத்த தட்டின் பக்கம் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு.

உடைந்த யன்னலுக்கு வெளியே, முன்படலையடியில், அந்தோனி அண்ணை. நாடகத்துத் தலைமைக் குருவின் அங்கிக்கு மேல் ஜக்கெட். தமிழில் எனக்குச் சொன்னார்.

"பிள்ளை, எங்கட ஆக்கள் இல்லையெண்டு சொல்லு. இல்லாட்டி எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவாங்கள். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

சொன்னேன். எங்கள் ஆட்கள் இல்லை என்று உள்ளே வந்த பொலிஸ்காரரிடம் சொன்னேன். நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில். சொல்லும்போதே அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது.

பொலிஸ்காரர் இளம் வயது. என்னைப் பார்க்காமல் ஹில்டாவைக் கேட்டார். ஊர்வலத்தில் வந்த இந்த ஆட்களில் ஒருவர்தானே எறிந்தது என்று. பேனா தயாராக இருந்தது. ஹில்டா ஓம் என்றால் போதும்.

ஹில்டா தொப்பியைக் கழற்றவில்லை. "கல்லைப் பார்த்தன். கையைப் பார்க்கேல்லை," என்றார். "பார்க்காததை எழுதவேண்டாம்."

பொலிஸ்காரர் கொப்பியை மூடினார். யாரையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

அன்று மாலை அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. ஏப்ரலில் ஹில்டா மான்செஸ்டரில் இருந்த ஒன்றுவிட்ட சகோதரியிடம் போனார். பிறகு வீடு விற்கப்பட்டது. என்னைத் திட்டவில்லை. காரணமும் சொல்லவில்லை. புறப்பட்ட அன்று என் பெயரைச் சரியாக உச்சரித்து விடைபெற்றார். இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வருடப் பிரதியில் அந்த வரி இல்லை. நானே வெட்டினேன். சனம் அப்போதும் அழுதது.

இழந்தவை. 1983 ஜூலை: அப்பா, உடல் கிடைக்கவில்லை. வாடகை வீடு ஒன்று. அம்மாவின் படம். நான் எழுதி வைத்திருந்த மூன்று கொப்பிகள். 1991 மார்ச்: முன் யன்னல் ஒன்று. கிண்ணம் ஒன்று. ஐந்து வருடத் தூக்கம். ஹில்டா, உயிரோடு.

கல்லை எறிந்தவர் எதிர்ப்பக்கத்தில் நின்ற மூவரில் ஒருவரா, எங்கள் நாற்பது பேரில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் இல்லை என்று பொலிஸிடம் சொன்னேன். பிறகும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உறுதிப்படுத்தப்படாத தகவல்.