பெட்டி ஆறும் வரை

ஒரு பொருள் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முந்நூறு டிகிரியில் இருக்கும் உலோகக் கட்டையும், மேசைமேல் குளிர்ந்து கிடக்கும் உலோகக் கட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். செக்கச் சிவந்தால்தான் சூடு என்று நம்புகிறவர்களின் விரல்கள் எங்கள் தொழிலில் நெடுநாள் முழுமையாக இருப்பதில்லை.

ஐயா, நீங்கள் தயாரித்த அறிக்கையை எனக்குப் பொறுமையாக வாசித்துக் காட்டினீர்கள். காவல் நிலையத்தில் உட்கார நாற்காலி கொடுத்தீர்கள். தேநீரும் வரவழைத்தீர்கள். நன்றியுடையேன். ஆயினும் அந்த அறிக்கையில் ‘உடன் பணியாற்றியவரின் கவனக்குறைவால்’ என்றொரு தொடர் வருகிறது. அதன் கீழே கையெழுத்திட்டால் மாலைக்குள் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். அந்தத் தொடரின் கீழே என்னால் கையெழுத்திட இயலாது. நான் கவனக்குறைவாக எதையும் செய்ததில்லை. ஆகவே நடந்ததை நானே வரிசைப்படி எழுதித் தருகிறேன். என் மீதும் ஒரு தவறு உண்டு. கையேட்டின் விதி ஒன்றை மீறினேன். அதை அதற்குரிய இடத்தில் மறைக்காமல் குறிப்பிடுவேன்.

முதலில் எங்கள் பணியை விளக்க வேண்டும். பட்டறைகளில் உள்ள பெரிய ஓவனுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதைச் சொல்வதற்கு ஒரு சென்சார் உண்டு. பென்சிலைப் போல நீண்ட உலோகக் குச்சி அது. நாளாக நாளாக அது பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்கிறதா என்று சோதிப்பதற்காக நாங்கள் ஒரு சிறிய மின் உலையைத் தூக்கிக்கொண்டு போவோம். மேலே கைப்பிடியும் முகப்பில் எண் காட்டும் திரையும் கொண்டது. எங்களுக்குள் அதைப் பெட்டி என்போம். அதன் உள்ளே துளைகளிட்ட உலோகக் கட்டை ஒன்று இருக்கும். ஒரு துளையில் எங்களுடைய நம்பகமான சென்சாரைச் செருகுவோம்; இன்னொரு துளையில் ஓவனிலிருந்து உருவிய சென்சாரைச் செருகுவோம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் சான்றிதழ் கொடுப்போம்.

பெட்டியைச் சமதளத்தில் வைக்க வேண்டும். நான்கு புறமும் காற்றுக்கு இடம் விட வேண்டும். அருகில் தின்னரோ துணியோ காகிதமோ இருக்கக் கூடாது. எர்த் உள்ள பிளக்கில்தான் செருக வேண்டும். சூடாக இருக்கும்போது நகர்த்தவோ சாய்க்கவோ கூடாது. ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. இவையெல்லாம் கையேட்டில் உள்ளவை. எங்கள் வட்டாரத்தில் அந்தக் கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தவன் நான் ஒருவனே என்று நினைக்கிறேன்.

மச்சான் அதைப் பிரித்ததே இல்லை. மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். தொழில் அவருடையது, வண்டி அவருடையது, பெட்டியும் அவருடையது. நாங்கள் குடியிருந்த மாடியும் அவருடையதே. மாடிப்படி அவருடைய கூடத்தின் நடுவில்தான் இறங்கும். ஆகையால் நான் எங்கே புறப்பட்டாலும் அவரைத் தாண்டியே புறப்பட வேண்டும். முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூட உடன் வந்து, “மாப்ளைக்குப் பக்கவாட்டுல குறைங்க, மேல கைய வெக்காதீங்க, அங்க இருக்கறதே கொஞ்சம்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் சிரிப்பார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அவர் கெட்டவர் அல்லர். என் மனைவி நோயுற்றுக் கிடந்தபோது மருத்துவமனை வராந்தாவிலேயே படுத்திருந்தார். அவரை யாராலும் வெறுக்க முடியாது. என் சிரமம் அதுதான்.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. திருமணமான புதிதில் சோப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். “காசு இருக்கா மாப்ள? இல்லாட்டியும் பரவால்ல, நீ எங்க போயிடப் போற?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பிறகு சம்பளத்தை உயர்த்திக் கேட்டபோதும் அதையே சொன்னார். தனி வீடு பார்க்கலாமா என்று கேட்டபோதும், ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கேட்டபோதும் அதையே சொன்னார். நீ எங்க போயிடப் போற. கதவு சாத்தும் ஓசையைப் போல அது என் காதில் பழகிப்போயிற்று.

ஒருநாள் போவதற்கு ஓர் இடம் கிடைத்தது. வேறோர் ஊரில் உள்ள பரிசோதனைக்கூடம் ஒன்று என்னை நேரில் அழைத்துப் பேசியது. முடிவை வீட்டுத் தொலைபேசியில் சொல்வதாக அனுப்பி வைத்தது. மனைவியிடம் தெரிவித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “பாக்கலாங்க” என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பின் அவர்களிடமிருந்து அழைப்பு வருமென்று காத்திருந்தேன்.

அன்று நாங்கள் போனது இரும்பு அலமாரி செய்யும் பட்டறைக்கு. பட்டறைக்கு அன்று வார விடுமுறை; வாயிலில் காவலாளி மட்டும் இருப்பார் என்று முதலாளி சொல்லியிருந்தார். வண்டியை மச்சான் ஓட்டினார்.

“மாப்ள, அந்த லேப்காரன் போன் போட்டான்” என்றார்.

“எப்ப மச்சான்?”

“போன வாரமே. அவன் வர மாட்டான், வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா நீ யோசிப்ப. யோசிச்சா உனக்குத் தலை வலிக்கும், அப்புறம் மாத்திரை நான்தான் வாங்கித் தரணும். நீ எங்க போயிடப் போற மாப்ள? கண்ணாடிய ஏத்து, தூசி வருது.”

நான் கண்ணாடியை ஏற்றினேன்.

பட்டறையின் ஓவன் ஓர் அறை அளவு இருக்கும். பெயின்ட் அடித்த கதவுகளை வரிசையாகத் தொங்கவிட்டு உள்ளே தள்ளிக் காயவைப்பார்கள். அது இருநூறு டிகிரியில் இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது; அன்று விடுமுறை என்பதால் ஆறிக் கிடந்தது. பக்கத்துச் சுவரில், சென்சார் சொல்லும் எண்ணைக் காட்டி அதற்கேற்ப ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கன்ட்ரோலர். அதன் அருகில் ஹீட்டர் சுவிட்ச். ஓவன் சென்சாரை வெளிப்புறத்திலிருந்தே உருவினேன். கதவுக்குப் பக்கத்தில் இரும்பு மேசை ஒன்றைப் போட்டு, மட்டம் பார்த்து, பெட்டியை வைத்தேன். கீழே கிடந்த எண்ணெய்த் துணியை அப்புறப்படுத்தினேன். இரண்டு சென்சார்களையும் செருகி, முந்நூறில் நிற்குமாறு பெட்டியைப் போட்டேன்.

எண்ணை வாசிக்க வேண்டியிருப்பதால் கன்ட்ரோலர் உயிரோடு இருக்க வேண்டும். ஹீட்டர் சுவிட்ச் மட்டும் அணைந்து, அதன்மேல் பூட்டுத் தொங்க வேண்டும். ஓவனுக்குள் யார் போகிறாரோ அவருடைய சட்டைப்பையில்தான் சாவி இருக்க வேண்டும். தொழில் செய்கிற எல்லோரும் அறிந்த விதி இது. நான் பூட்டிச் சாவியை மச்சானிடம் நீட்டினேன்.

“நீயே வெச்சுக்க” என்றார். “உள்ள குனிஞ்சா விழுந்து தொலையும்.”

“விதின்னு ஒண்ணு இருக்கு மச்சான்.”

“உன் விதிய நீயே வெச்சுக்கன்னுதான் சொல்றேன்.”

பெட்டி சூடேறி நிலைக்கும் வரை சும்மா இருக்க அவருக்குப் பிடிக்காது. ஓவன் கதவின் ரப்பர் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி கேட்டிருந்தார். அதைப் பார்க்க ஒரே வழி, உள்ளே நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்லி, வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தேடுவதுதான்.

“உள்பக்கம் கைப்பிடி உடைஞ்சிருக்கு மச்சான். சாத்தினா உங்களால திறக்க முடியாது.”

“வெளியில நீ இருக்கியே, அப்புறம் என்ன? சாத்து மாப்ள.”

சாத்தினேன். தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அவரை நான் தள்ளவில்லை. ஏமாற்றி அழைத்துப் போகவும் இல்லை. எச்சரித்தேன். சாவியை நீட்டினேன். அவராகவே போனார்.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். ஹீட்டர் சுவிட்சை மேலே தள்ளினேன். எதுவும் நிகழவில்லை. நிகழாது என்பது எனக்குத் தெரியும். ஓவனுக்குக் கண்கள் கிடையாது. சென்சார் சொல்வதை அப்படியே நம்பும். அதன் சென்சாரோ என் பெட்டிக்குள், முந்நூறு டிகிரியில் இருந்தது. ஆகவே தான் தேவைக்கு மேல் சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓவன் ஹீட்டரைப் போடாமல் காத்திருந்தது. உள்ளே மச்சான் குளிர்ச்சியான அறையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை.

பெட்டி முந்நூறில் நிலைத்தது. இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டேன். ஓவனின் சென்சார் இம்மியும் பிசகவில்லை. அவ்வளவு நேர்மையான சென்சாரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் பெட்டியை ஆறவிட வேண்டும். அது கடமை. குளிர்விக்கும் பொத்தானை அழுத்தினேன். விசிறி ஓடத் தொடங்கியது. அந்த விசிறி நல்ல இரைச்சல். திரையில் எண் மெல்ல இறங்கியது. பெட்டி இருநூறுக்குக் கீழே இறங்கினால் ஓவன் தன்னைக் குளிர்ந்ததாகக் கருதும், ஹீட்டர் பிடிக்கும், பெட்டி ஆறிக்கொண்டே இருப்பதால் பிறகு நிற்காது. இதைச் செய்வது ஓவன். அதன் பொத்தான் எதையும் அதற்குமேல் நான் தொடவில்லை.

“மாப்ள, வெளிச்சம் எங்கயும் வரல. ரப்பர் நல்லா இருக்கு. தொற.”

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய், விளையாடாத. தொற.” சிரிப்புக் கேட்டது. “சரிப்பா, லேப் விஷயத்துல கோவம், புரியுது. சாயங்காலம் உக்காந்து பேசுவோம். இப்ப தொற.”

கதவைத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். பிறகு நீளமாக ஏதோ பேசினார். விசிறி இரைந்துகொண்டிருந்தது.

சுவரில் ‘டக்’ என்று ஓர் ஓசை. ஓவனின் காற்றாடி சுழலத் தொடங்கியது. சூடான பெட்டியை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்பதால் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தட்டுவது நெடுநேரம் கேட்டது. பிறகு இடைவெளி விட்டுக் கேட்டது. பெட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து விசிறி தானே நின்றபோது வேறெந்த ஓசையும் இல்லை. சென்சாரை உருவினேன், ஒயரைச் சுற்றினேன், ஹீட்டர் சுவிட்சைக் கீழே இழுத்தேன். அதன் பிறகு தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டுக் காவலாளியை அழைத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

சடங்குகள் முடிந்த பிறகு ஒரு நாள், என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

“அண்ணன் கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாராங்க?”

“விசிறிச் சத்தம். ஒண்ணும் காதுல விழல.”

அவள் நீண்ட மூச்சு ஒன்றை விட்டாள். பிறகு, “இங்க வேணாங்க. அந்த ஊருக்கே போயிடலாம். நீங்க கேட்டப்பவே போயிருக்கணும்” என்று அழுதாள்.

“நாம எங்க போயிடப் போறோம்?” என்றேன்.

அவளுக்கு ஆறுதலாகவே சொன்னேன். அந்த வீட்டில் இப்போது கூடமும் எங்களுடையதுதான்.

இனி, நான் ஒப்புக்கொண்ட தவறு. பெட்டி முழுவதும் ஆறும் வரை விசிறியை நிறுத்தக் கூடாது என்று கையேடு தடித்த எழுத்தில் சொல்கிறது. நிறுத்தினால் கட்டையின் சூடு மேலேறி உள்ளிருக்கும் மின் பாகங்களைக் கெடுத்துவிடும். அன்று, பெட்டி இருநூற்று நாற்பதில் இருந்தபோது, நான் அதை அணைத்தேன். அவர் நீளமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார், இரைச்சலில் கேட்கவில்லை, எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது.

“மாப்ள, போன்ல சொன்னது நான்தான். ஆனா சொல்லச் சொன்னது அவ. ‘அண்ணா, எனக்கு இந்த வீட்ட விட்டுப் போக மனசே இல்ல, நான் சொன்னா அவரு நாள் கணக்கா பேச மாட்டாரு, நீயே ஏதாவது சொல்லி முடிச்சு விடு’ன்னு அழுதாடா. பழிய நான் என் தலையில போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். அவள ஒண்ணும் கேட்டுடாத. நீ போறதுன்னா போ மாப்ள. நானே வண்டியில கொண்டுபோய் விடறேன். கதவ மட்டும் தொற.”

இது எனக்குப் புதிய செய்தி. அதற்கு உரிய மதிப்பளித்து யோசித்தேன். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். அவள் ‘பாக்கலாங்க’ என்றபோது தலை நிமிரவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கன்ட்ரோலர் இருநூறுக்கு மேல்தான் காட்டியது. ஹீட்டர் இன்னும் பிடிக்கவில்லை. தாழ்ப்பாள் என் இடது கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

பெட்டி கெட்டுவிடக் கூடாதே என்று, விதிப்படி விசிறியை மீண்டும் போட்டேன்.