ஆரம்பிச்சிருக்கு

திறக்கறேன் டாக்டர், வாயைத் திறக்கத்தானே வந்திருக்கேன். நாக்குக்கு அடியில சின்னதா ஒரு புண்ணு, அவ்வளவுதான். அது எங்கேயும் ஓடிடாது. முதல்ல வாய்க்குள்ள விடற அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் வெந்நீர்ல காட்டிக்குங்க, இல்லன்னா என் மூச்சு பட்டதும் மங்கிடும். எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் பல் டாக்டர்தான். முப்பத்தோரு வருஷம். ஃபாரத்துல தொழில்ங்கிற இடத்துல வியாபாரம்னு எழுதியிருக்கேன். அதுவும் பொய் இல்ல, கேட்டா உங்களுக்கே புரியும்.

சொந்தமா கிளினிக் வெச்சிருக்கறவன் மூணு மணி நேரம் பஸ்ல இங்க எதுக்கு வந்தான்னுதானே பாக்கறீங்க. நியாயம்தான். அங்க நாலு தெருவுல நாலு டாக்டர் இருக்காங்க, எல்லாருக்கும் என்னைத் தெரியும். என் கிளினிக்லயே ஒரு பொண்ணு இருக்கா. பேஷண்டுங்க என்னைப் பெரிய டாக்டர்ம்பாங்க, அவளைச் சின்ன டாக்டர்ம்பாங்க. படிப்பை முடிச்ச கையோட வந்து சேந்தா, ஏழு வருஷம் ஆச்சு.

அவ கண்ணைப் பத்திச் சொல்லணும். வந்த புதுசுல ஒருத்தர் கீழ்ப்பல் வலிக்குதுன்னு துடிச்சுக்கிட்டு வந்தார். நான் ரெண்டு எக்ஸ்ரே எடுத்தும் ஒண்ணும் பிடிபடல. இவ கண்ணாடியோட காம்பால வரிசையா ஒவ்வொரு பல்லா தட்டிக்கிட்டே போனா, தலையைச் சாய்ச்சுக்கிட்டு. மேல் பல்லு சார்னா. மேல் பல்லேதான். கையும் அப்படி. ஊசி போட்டு முடிச்சப்புறம், எப்ப போடப் போறீங்கன்னு கேப்பாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது டாக்டர், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. முப்பது வருஷத்துல எனக்கு வராதது அவளுக்கு மூணு வாரத்துல வந்துடுச்சு.

அவகிட்ட ஒரே ஒரு குறை. பாத்ததை அப்படியே சொல்லிடுவா.

சிரிக்காதீங்க, கஷ்டம் அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். ஒரு மரக்கடைக்காரர் கடையைப் பூட்டிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்தார். பல்லுல கறுப்பா ஒரு புள்ளி. வெறும் கறைதான், ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னுட்டா. மனுஷன் முகம் தொங்கிப் போச்சு. அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். திட்டல. நான் யாரையும் திட்டினதா நாக்கு மேல பல்லைப் போட்டு ஒருத்தரும் சொல்ல முடியாது. ஏம்மா, அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோட அனுப்பலாமா, பாவம் இல்லையான்னேன். ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதே, ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லுன்னேன். எது சார் ஆரம்பிச்சிருக்குன்னு கேட்டா. வயசு ஆரம்பிச்சிருக்கலாம், மழை ஆரம்பிச்சிருக்கலாம், எதுன்னு நாம சொல்லலையேம்மா. மிச்சத்தை அவங்களே நினைச்சுப்பாங்க, பயம் அவங்களோடதுதானே.

ஒரு வாரம் அந்த வார்த்தை அவ வாயில வரல. நான் அவசரப்படுத்தல. என் வீட்டுக்காரி அவளுக்கும் சேத்து மதியச் சாப்பாடு கட்டி அனுப்புவா, எங்களுக்குப் பொண்ணு இல்லாத குறைக்கு இவதான்னு வாய்க்கு வாய் சொல்லுவா. சாப்பிடறப்பதான் பாடம் நடத்துவேன். நம்ம வீட்டுச் சாப்பாடு வாயில இருக்கறப்ப யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க பாருங்க.

அப்புறம் சொல்ற விதம். பாத்து முடிச்சதும் உடனே பேசிடக் கூடாது. மாஸ்க்கை இறக்கணும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவங்க கண்ணுக்கு நேரா உக்காந்து, மனசுக்குள்ள மூணு எண்ணணும். அந்த மூணுக்குள்ளயே பாதிப்பேர் எல்லாத்துக்கும் சரின்னுடுவாங்க. நான் நாற்காலியில படுத்துப் பேஷண்டா நடிப்பேன், அவ டாக்டர். பேஷண்ட் சந்தேகமா முழிச்சா என்ன பண்றதுன்னு கேட்டா. இன்னொரு தடவை, மெதுவா, நிஜமாத்தான் சொல்றேன்னு சொல்லுன்னேன்.

இருங்க, லைட்டைக் கொஞ்சம் தள்ளுங்க, கண்ணு கூசுது. எத்தனை நாளா இருக்குன்னா கேக்கறீங்க? அதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்.

ஒரே ஒரு தடவைதான் எதிர்த்து நின்னா. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தங்க, பல்லு வைரம் மாதிரி. அதுல ஒண்ணைக் குடைஞ்சு, உள்ள இருக்கற நரம்பை எடுத்து, மேல மூடி போடணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். இவ கதவைச் சாத்திட்டு, என்னால முடியாது சார், அது நல்ல பல்லுன்னா. நான் கோபமே படலை. சரிம்மா, நீ செய்ய வேணாம், நானே செய்யறேன், ஆனா என் கை எப்படின்னு உனக்குத் தெரியும், அந்தம்மா ராத்திரி பூரா துடிப்பாங்க, உன் கையா இருந்தா வலியே தெரியாது, எது புண்ணியம்னு நீயே சொல்லுன்னேன். அப்புறம் கையுறையை மாட்டிக்கிட்டா. டீச்சரம்மா போறப்ப அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ நல்லா இருப்பேன்னு வாழ்த்திட்டுப் போனாங்க. அன்னைக்குச் சாப்பாட்டை அவ தொடவே இல்ல.

அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லாம போச்சு. என்னை விட நல்லா சொன்னா. அவ சொன்னா எமனே நம்பிடுவான் டாக்டர். பேஷண்டுங்க அவளைக் கேட்டு வர ஆரம்பிச்சாங்க, எனக்கு உச்சி குளிர்ந்துடுச்சு, நம்ம வார்ப்பாச்சே. ஒண்ணு மட்டும் கவனிச்சேன். பல்லைத் தட்டிப் பாக்கறதை விட்டுட்டா. ஏம்மான்னு கேட்டதுக்கு, என்ன சொல்லப் போறேன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு சார் பாக்கணும்னா. நான் அதைப் பெரிய ஜோக்குன்னு நினைச்சு வீட்டுல போய்ச் சொல்லிச் சிரிச்சேன்.

எதுக்கு இதையெல்லாம் உங்ககிட்ட கொட்டறேன்னு நினைப்பீங்க. நீங்க இப்ப பாத்துட்டு என்ன சொன்னாலும் நான் உங்க வார்த்தையைக் கேக்கப் போறதில்ல, உங்க மூஞ்சியைத்தான் பாப்பேன். இவர் எங்க கத்துக்கிட்டார், யார் இவருக்கு வாத்தியார்னு. முப்பத்தோரு வருஷத்துல எனக்கு ஒட்டிக்கிட்ட வியாதி அது. இந்தப் புண்ணு இல்ல.

இதை முதல்ல பாத்தது அவதான். ஒரு திங்கக்கிழமை, பேஷண்ட் யாரும் இல்ல. கடைவாய்ப் பல்லு உரசி வந்திருக்கும், பாரும்மான்னு நாற்காலியில படுத்தேன். ரொம்ப நேரம் பாத்தா. நாக்கைத் துணியால பிடிச்சு இழுத்து, கழுத்துல கட்டி ஏதாவது இருக்கான்னு ரெண்டு பக்கமும் விரலால அமுக்கி அமுக்கிப் பாத்தா. மாஸ்க்கை இறக்கினா. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கண்ணுக்கு நேரா உக்காந்தா. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருக்கேன், ஒண்ணு, ரெண்டு, மூணு. சார், இது சாதாரணப் புண்ணு இல்ல, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு துண்டு வெட்டிச் சோதிச்சுடுங்கன்னா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அடிப்பாவி, என்கிட்டயேவான்னேன். சார், நிஜமாத்தான் சொல்றேன்னா, மெதுவா. எல்லாம் நான் சொல்லிக் குடுத்த வரிசைப்படி. கண்ணுல தண்ணி வேற நிக்குது. அது மட்டும் நான் சொல்லிக் குடுக்காதது. பலே, வாத்தியாரையே மிஞ்சிட்டாளேன்னு எழுந்து உக்காந்து கை தட்டினேன் டாக்டர். அவ அழ அழ இன்னும் பலமா தட்டினேன்.

அது ஆச்சு மூணு மாசம். ஆமா, மூணு மாசம், ஃபாரத்துல எத்தனை நாளாங்கற இடத்தை மட்டும் எழுதாம விட்டுட்டேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும், ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா சார்னு கேப்பா. நான் கண்ணடிச்சுட்டுப் போயிடுவேன். போன திங்கக்கிழமை என் கழுத்தையே கொஞ்ச நேரம் பாத்தா, ஆஸ்பத்திரியைப் பத்தி ஒண்ணும் கேக்கல, தண்ணி வேணுமா சார்னு மட்டும் கேட்டுட்டு உள்ள போயிட்டா. அதான் இன்னைக்குக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன்.